கோலுக்குள் நின்றது தம்பிராசா இல்லை

லிங்கநகர்,
திருகோணமலை.
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து எழுதுவது.

என் அன்பு மகன் றிக்சனுக்கும் மருமகள் மெலனிக்கும்,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் காவலில் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடித் திரிகிறோம், அப்பாவுக்கு மட்டும் கச்சான் காற்றுத் தொடங்கினதில் இருந்து இருமல், சொல்வழி கேட்காமல் துறைமுகத்தில் வேலை முடிந்து வரும்போது குளிர்ச் சோடா குடித்துவிட்டு வந்து எனக்கு முன்னால் நல்ல பிள்ளை மாதிரி கொத்தமல்லி அவித்துத் தா என்கிறார். அங்கே பலெர்மோவில் நீங்கள் இருவரும் உடல் நலத்தோடு இருக்கவும், மெலனியின் வயிற்றில் இருக்கிற பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் வளரவும் செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். மெலனியின் சின்னம்மா வருகிற செவ்வாய் அங்கே வருகிறா, அவவின் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய், போனில் சொன்னால் பாதியிலேயே சரி அம்மா விடுங்கோ அம்மா என்று நீ வெட்டிவிடுவாய், வேலைக்கு நேரமாகிறது என்பாய். கடிதத்தை நடுவில் வெட்ட ஏலாது. இருந்து வாசி.

தங்கச்சி தினுஷா தேசிய பெண்கள் உதைபந்து அணியின் பயிற்சி முகாமுக்குத் தெரிவான செய்தி வந்த அன்று நீ முகநூலில் ஒன்று எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? என் தங்கையை ஒரு கோல் காப்பாளராக உருவாக்கிய எங்கள் தம்பிராசா சேருக்குக் கோடி நன்றிகள் என்று. நான் அதைப் பார்க்கவில்லை, எனக்கு அந்த முகநூல் எல்லாம் திறக்கத் தெரியாது. அதை நான் எங்கே கேட்டேன் தெரியுமா, கோயில் பங்கு மண்டபத்தில், அவளுக்கு வைத்த விழாவில், முன் வரிசைக் கதிரையில் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மைக்கில், அந்த மனிசனின் வாயால். வெளிநாட்டில் இருந்து சொந்த அண்ணனே எழுதியிருக்கிறார் பாருங்கோ என்று சொல்லி ஒரு தரம் வாசித்து, கை தட்டல் போதாது என்று கண்டு இன்னொரு தரமும் வாசித்தார். உருவாக்கினவராம். நான் வயிற்றில் சுமந்து, ஆஸ்பத்திரி வாசலில் அப்பா மழையில் நின்று, அவளுக்கு வீசிங் வந்து மூச்சு இழுத்த நாளெல்லாம் மடியில் நிமிர்த்தி வைத்து வளர்த்த பிள்ளையை உருவாக்கினது கழுத்தில் விசில் கட்டின தம்பிராசாவாம். அதற்கு என் மகன் சாட்சிக் கையெழுத்து. அதனால்தான் முதலில் இருந்து சொல்லுகிறேன்.

உனக்கு அவரைத் தெரியும், ஆனால் நீ தெரிந்து வைத்திருப்பது சின்னப் பிள்ளையின் கண்ணால். பயிற்சி முடிந்ததும் பணிசும் சோடாவும் வாங்கித் தந்தது உனக்கு ஞாபகம், ஒரு தரம் உன்னைக் கப்டனாகப் போட்டது ஞாபகம். நான் தினுஷாவைக் கூட்டிவரப் போய் பின்னேரங்களில் அந்த மைதானத்து வேலிக்கு வெளியே நின்றவள். மனேஜர் என்று சொல்வார்கள், பயிற்றுவிப்பாளரும் அவர்தான், நீலத்திரை விளையாட்டுக் கழகத்தில் தேத்தண்ணி ஊற்றுகிறவரைத் தவிர மற்ற எல்லாமும் அவர்தான். வாகை மரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை. தொப்பி. கையில் போன். வளவு விற்கிற தரகுக் கதை ஒரு பக்கம் நடக்கும், இடையிடையே தலையைத் தூக்கி ஓடுங்கோ என்பார், உதையுங்கோ என்பார், கோலுக்க நில்லு என்பார். இந்த மூன்று சொல்லையும் பக்கத்து வீட்டுக் கிளிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அதுவும் இன்றைக்கு மனேஜர். தினுஷாவைக் கோலுக்குள் நிறுத்தின கதையையும் கேள். அவளின் கையைப் பார்த்தோ கண்ணைப் பார்த்தோ நிறுத்தவில்லை. பெண்கள் அணி தொடங்கின முதல் நாள் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார், இவளுக்கு அப்போது வீசிங், கடைசியாக வந்தாள். உடனே அவர் சொன்னது, "உயரமான பிள்ளை, ஓட ஏலாது, கோலுக்க நிக்கட்டும்." அதுதான் இன்றைக்கு மேடையில் அடையாளம் கண்டேன் என்று சொல்லுகிற அடையாளம். காலுடைந்த மேசையை மூலையில் சாத்தி வைக்கிற மாதிரிச் சாத்தி வைத்தார், அந்த மூலையில் அவள் நின்று பிடித்துவிட்டாள், அவ்வளவுதான்.

அவளுக்குக் கோல் காக்கப் பழக்கினது யார் என்று கேட்டால், சப்ரினா. ஜமாலியாவில் இருந்து சைக்கிளில் வருவாளே, மீன் லொறி வைத்திருக்கிற முனாப்பின் மகள், மெல்லிய பிள்ளை, இடக்காலால் உதைப்பாள். நீ போகும்போது சின்னப் பெண்ணாக இருந்தாள். இருவரும் ஒரே நாளில்தான் கழகத்தில் சேர்ந்தார்கள். தினுஷாவுக்கு வலப்பக்கம் விழுந்து பிடிக்கப் பயமில்லை, இடப்பக்கம் விழ மாட்டாள், சின்னனில் வாங்குப் பலகையில் இருந்து விழுந்து இடது தோள் உடைந்ததே, அந்தப் பயம். தம்பிராசாவுக்கு அது தெரியவே தெரியாது, கோல் போனால் "கண் தெரியாதோ?" என்று கத்துவார், முடிந்தது. சப்ரினாதான் கண்டுபிடித்தவள். சனிக்கிழமைகளில் இருவரும் டச்பே கடற்கரைக்குப் போவார்கள், வள்ளக்காரர் எறிந்த மிதவைக் கட்டை இரண்டை மணலில் நட்டுக் கோலாக்கி, ஒரு முழு வெயில் காலம் சப்ரினா இவளின் இடப்பக்கம் பார்த்தே அடித்தாள். வலப்பக்கம் ஒன்றுகூட அடிக்கவில்லை. இவள் விழ மாட்டாள், அழுவாள், அந்தப் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "விழுடி, மண் தானே, கடிக்காது" என்று சொல்லும். நான் கருவாடு வாங்கப் போகும்போது என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் தினுஷாவின் காதுக்குள்ளும் மண், தலைக்குள்ளும் மண், குளித்துவிட்டு வந்து போனில் பிடித்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று குசினிக்குள் எனக்குக் குறுக்கே நின்று விழுந்து பழகினாள், என் தேங்காய்ச் சட்டி இரண்டு உடைந்தது. பயம் போனது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாளில் தம்பிராசா அங்கே இருக்கவில்லை என்பது தெரியும்.

பிறகு கொழும்பில் கழகங்களுக்கு இடையிலான போட்டி வந்தது. முழு அணியும் போய் அங்கே தங்க வேண்டும். பெயர் அனுப்பும்போது சப்ரினாவின் பெயர் இல்லை. நான் கேட்டேன், ஏன் சேர் என்று. "இரவு தங்க வீட்டில விடமாட்டினம், பிறகு எனக்கு அந்தப் பிள்ளையால என்ன பிரயோசனம்?" என்றார். விடமாட்டார்கள் என்று யார் சொன்னது, அவர் கேட்டாரா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சந்தேகமாக இருந்தது, நேரே ஜமாலியாவுக்கு ஓட்டோ பிடித்துப் போனேன். முனாப் வாசலில் லொறி கழுவிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிசன் குழாயை மூடிவிட்டு, "ஆர் சொன்னது விடமாட்டன் எண்டு? சேர் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டவரா? நீங்களும் கூடப் போறீங்க தானே அக்கா, கூட்டிட்டுப் போங்க" என்றார். திரும்பி ஓடி வந்து சொன்னால் பெயர்ப் பட்டியல் போய்விட்டது, இனி ஏலாது என்றார் தம்பிராசா, தரகுக் கதையை நிறுத்தக்கூட இல்லை. சப்ரினா அடுத்த சனிக்கிழமையும் சைக்கிளில் வந்தாள், இவளின் இடப்பக்கம் பார்த்து அடித்தாள். மகன், ஒரு பிள்ளையை உருவாக்கின பெருமையை அந்த மனிசனுக்குக் கொடுக்க வேண்டும் என்றால், சப்ரினாவை உருவாக்காமல் விட்ட பெருமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவளைப் போல ஒரு இடக்கால் இந்த ஊரில் இல்லை. இன்றைக்கு அவள் கணக்கியல் படிக்கிறாள், நல்லது, படிக்கட்டும், ஆனால் அவள் எந்த மைதானத்தில் நின்றிருக்க வேண்டியவள் என்று தினுஷாவைக் கேட்டால் சொல்லுவாள்.

கொழும்பிலும் தினுஷாவை அவர் விளையாட விட்டார் என்று நினைக்காதே. கோலுக்குள் நின்றது கழகத் தலைவரின் சொந்தக்காரப் பிள்ளை, பெறாமகள், இரண்டு வருஷமாகவே அவள்தான், இவள் வெளியே வாங்கில். நான் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனதால் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் இறுதியில் அந்தப் பெறாமகளுக்கு விரல் மடிந்து வீங்கிவிட்டது, பாவம், அவளில் பிழை இல்லை. தம்பிராசா சுற்றும் முற்றும் பார்த்தார், வேறு ஆள் இல்லை. தினுஷாவுக்குக் கிட்ட வந்து அவர் கொடுத்த பயிற்சியை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்: "கவனமா நில்லு, மானத்தை வாங்கிப் போடாத." வேறு ஒன்றும் இல்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. நான் பார்க்க மாட்டாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன், சத்தம் கேட்டுத்தான் எடுத்தேன். இரண்டைப் பிடித்தாள். இரண்டும் இடப்பக்கம். பிள்ளைகள் எல்லாரும் ஓடிப்போய் அவளில் விழுந்தார்கள். தெரிவாளராக வந்திருந்த ஒரு பெண் இறங்கி வந்து, இடப்பக்கம் இவ்வளவு வேகமாக விழ யார் பழக்கினது என்று தினுஷாவைக் கேட்டா. பிள்ளை வாயைத் திறக்க முன்னம் முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், "நான்தான் மெடம்." தினுஷா திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன், அவருக்கு அது விளங்கவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னால் அவர் சொல்லுவார், "உனக்கு விளங்காது றீற்றா, மனேஜர் இல்லாட்டி பிளேயர் இல்லை" என்று. சனி ஞாயிறில் ரிவியில் வெளிநாட்டு மட்ச் பார்க்கிறவர், அங்கே கோட்டுப் போட்ட ஒரு ஆள் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று சூயிங்கம் சப்பிக்கொண்டு கையை ஆட்டுகிறான், ஒரு பெடியன் கோல் அடித்தால் கமரா உடனே அந்தக் கோட்டுக்காரனைக் காட்டுகிறது. கோல் விட்டால் பெடியனைக் காட்டுகிறது. அப்பா நம்புகிறார். நான் கேட்கிறேன், வென்றால் மனேஜர் உருவாக்கினது, தோற்றால் பிள்ளைக்குத் திறமை காணாது, இது என்ன நியாயம்? தம்பிராசாவின் கையில் எத்தனை பிள்ளைகள் போனார்கள், உன்னோடு விளையாடின பெடியள் எங்கே? மெல்ரோய் முழங்கால் போய் இன்றைக்கும் நொண்டுகிறான், காயத்தோடு விளையாட விட்டது யார்? அவர்களை உருவாக்கினது யார் என்று எந்த மேடையிலாவது சொல்லுகிறாரா? வலை போட்டவன் அகப்பட்ட ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கலாம், மீனைப் படைத்தது நான்தான் என்று சொல்ல ஏலாது. பெரிய ஊர்களில் நல்ல மனேஜர்மார் இருக்கலாம், பிள்ளைகளின் பயம் எந்தப் பக்கம் என்று பார்க்கிறவர்கள் இருக்கலாம், இருந்தால் நல்லாயிருக்கட்டும். இங்கே எனக்கு வாய்த்தது கதிரையில் இருந்த ஆள்.

இனி விழாக் கதை. கௌரவிப்பு விழா யாருக்கு என்று பதாகையைப் பார்த்தால் தெரியாது, தம்பிராசாவின் முகம் கதவளவு, தினுஷாவின் முகம் மூலையில் முத்திரையளவு. அவருக்குத்தான் முதல் மாலை. அவர் பேசினார், ஐயோ, என்ன பேச்சு. "கல்லா இருந்த பிள்ளையைச் சிலையா செதுக்கினன்" என்றார். என் பிள்ளை கல்லாம். பக்கத்தில் இருந்த அப்பா கை தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டார். பிறகுதான் உன்னுடைய வாழ்த்தை வாசித்தது. அதற்குப் பிறகு தினுஷாவைக் கூப்பிட்டு, செயலாளர் எழுதின நன்றியுரைத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள், நாலாக மடித்தாள், மைக்கைப் பிடித்தாள். உனக்குத் தெரியும், அவள் நாலு பேருக்கு முன்னால் சத்தம் போட்டுப் பேசுகிற பிள்ளை இல்லை. "சேர் எங்களுக்கு மைதானம் திறந்துவிட்டவர். அதுக்கு நன்றி. எனக்குப் பந்து பிடிக்கப் பழக்கினது சப்ரினா. அவவை இந்த விழாவுக்கு ஒருத்தரும் கூப்பிடேல்ல. எனக்கு இவ்வளவுதான் சொல்லக் கிடக்கு." சொல்லிவிட்டு இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கை ஐஸ் மாதிரி இருந்தது. தம்பிராசா மேடையில் இருந்து, "பிள்ளை பகிடிக்குச் சொல்லுது" என்று சிரித்துப் பார்த்தார், கூடச் சிரிக்க ஆள் இல்லை. முதலில் கை தட்டினது யார் தெரியுமா, உன்னுடைய அப்பா. மனேஜர் இல்லாட்டி பிளேயர் இல்லை என்கிற அதே அப்பா. வீட்டுக்கு வந்து அதைக் கேட்டால், "அது வேற, இது வேற" என்கிறார்.

ஆனால் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க விடவில்லை. கொழும்பில் ஒரு கழகம் தினுஷாவைக் கேட்டிருந்தது, அங்கே சேர்ந்து விளையாடினால்தான் தேசிய முகாமில் நிற்கிறதுக்கும் நல்லது என்று சொன்னார்கள். அதற்கு இங்கத்தைய கழகம் விடுவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், தம்பிராசா கையெழுத்து வைக்க வேண்டும், மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். விழா முடிந்த அடுத்த நாள் தினுஷா கேட்கப் போனாள், ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு நானும் அப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு அவரின் வீட்டுக்குப் போனோம். எங்கள் இருவருக்கும் கதிரை காட்டினார், பிள்ளையை இருக்கச் சொல்லவில்லை, வாசல் நிலையோடு நின்றாள். "நான் இல்லாட்டி இவள் ஆர்?" என்று கேட்டார், அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து. கையெழுத்து வேண்டுமென்றால் தினுஷா ஒரு வீடியோ எடுத்து முகநூலில் போட வேண்டுமாம், மேடையில் பயத்தில் தடுமாறிச் சொல்லிவிட்டேன், என்னைப் பழக்கினது சேர் மட்டும்தான் என்று. நான் வாய் திறக்கப் போனேன், தினுஷா முந்திவிட்டாள். "அப்பிடிச் சொல்ல ஏலாது சேர்." அவ்வளவுதான், கோபம்கூட இல்லை. திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் அப்பா சொன்னார், ஒரு வீடியோ தானே பிள்ளை, சொல்லிவிட்டுப் போ, சனம் இரண்டு நாளில் மறந்துவிடும் என்று. அவள் சொன்னாள், "அதைச் சப்ரினாவும் பாப்பாள், அப்பா." வீட்டுக்கு வந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ஒளிப்பானேன். இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை ஒரு மனிசன் பேனையை மூடி வைத்துக்கொண்டு நிறுத்திவிடலாம் என்றால் எனக்குச் சோறு எப்படி இறங்கும்.

அந்தக் கிழமை முடிய முன்னம் நடந்ததை நான் நேரில் பார்த்தேன், ஏனென்றால் கடைசியாக ஒரு தரம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று தினுஷாவுக்குத் தெரியாமல் தனியே அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். படலை வாசலில் நின்று நான் கூப்பிடுகிறேன், பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் முழு அணியும். பயிற்சியில் இருந்து நேரே வந்திருக்கிறார்கள், காலில் பூட்ஸ், முகத்தில் புழுதி, தோளில் பை. முன்னால் கப்டன் ஜெயரூபி, சம்பூரில் இருந்து வந்து பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிற பிள்ளை, சத்தமாகக் கதைக்கவே மாட்டாள் என்று நினைத்திருந்தேன். தம்பிராசா சாரத்தோடு வெளியே வந்தார். "சேர், தினுஷாக்காவுக்குக் குடுக்காட்டி எங்களுக்கும் ஆளுக்கொரு கடிதம் தாங்கோ, நாங்களும் போறம்" என்றாள். அந்த மனிசன் சிரித்தார். "எங்க போகப் போறியள்? உங்களை ஆர் எடுப்பினம்?" என்றார். ஜெயரூபி யோசிக்கக்கூட இல்லை, "ஒருத்தரும் எடுக்காட்டிப் பரவாயில்ல சேர். எங்களையும் நீங்கதானே உருவாக்கினது?" என்று கேட்டாள். மகன், நான் சிரித்துவிட்டேன், படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், எனக்கு அடக்க ஏலாமல் போய்விட்டது. அடுத்த கிழமை மாவட்டப் போட்டி. பிள்ளைகள் இல்லாமல் அவர் தொப்பியையும் விசிலையும் கொண்டுபோய் மைதானத்தில் நின்று என்ன செய்வார்? ரோட்டில் சனம் நின்று பார்க்கத் தொடங்கினது, அவரின் மனுசி உள்ளே இருந்து பேனையைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "போட்டுக் குடுங்கோ, வெக்கக்கேடு" என்றா. போட்டுக் கொடுத்தார். கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது, ஆனால் செல்லும்.

அப்ப சேருக்கு ஒன்றுமே இல்லையா அம்மா என்று நீ கேட்பாய். நான் அநியாயம் கதைக்க மாட்டேன், இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளைகள் உதைபந்து விளையாடுவதா என்று மற்றக் கழகங்கள் முகத்தைச் சுளித்த நேரத்தில் இந்த மனிசன் மைதானத்துக் கேற்றைத் திறந்துவிட்டார். பெண்கள் அணி இருந்தால் கழகத்துக்குப் புதுப் பந்தும் உடுப்பும் கிடைக்கும் என்று யாரோ சொல்லித்தான் திறந்தார், என்றாலும் திறந்தது திறந்ததுதான். கேற் திறந்த ஆளுக்குரிய மரியாதை அவருக்கு உண்டு, அதை தினுஷா மேடையிலேயே கொடுத்துவிட்டாள், நான் சொல்லியிருந்தால் அதையும் குறைத்திருப்பேன். அதற்கு மேலே ஒரு சொட்டும் கிடையாது. அதனால் நீ எழுதின அந்த வாழ்த்தை இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அழித்துவிடு. உனக்கு யாரையாவது வாழ்த்த வேண்டும் என்று கை அரித்தால் சப்ரினாவுக்கு எழுது, அவளும் உன்னை அண்ணா என்றுதான் சொல்லுகிறாள், தினுஷாவும் அவளும் கடற்கரையில் நிற்கிற படம் ஒன்று அனுப்புகிறேன்.

போன செவ்வாய் தினுஷாவைக் கொழும்பு பஸ்சில் ஏற்றிவிட்டோம். முனாப் தன்னுடைய லொறியில் பையெல்லாம் கொண்டுவந்து இறக்கினார், சப்ரினாவும் வந்தாள், இரண்டு பெண்களும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள், பார்த்தால் அழுதுவிடுவார்கள் என்று. பஸ் ஸ்ராட் பண்ணினபோது யாரோ சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வருகிறது தெரிந்தது. தம்பிராசா. தொப்பி இல்லை, வேர்த்துக் கொட்டுகிறது. கையில் ஒரு பெட்டி. தினுஷாவிடம் நீட்டினார், திறந்து பார் என்றார். கோல் காப்பாளர் போடுகிற கையுறை, புதுசு, நல்ல விலை போயிருக்கும், நிறமும் வடிவு. ஒரு நிமிஷம், மகன், எனக்கே மனசு கொஞ்சம் இளகினது, உள்ளதைச் சொல்ல வேண்டும். போட்டுக் காட்டு பிள்ளை என்றார். தினுஷா வலக் கையை விட்டாள். பெருவிரல் அடிக்கு மேலே போகவில்லை. இரண்டு அளவாவது சின்னன். இத்தனை வருஷம் தனக்கு முன்னால் நின்று பந்து பிடித்த கை எவ்வளவு பெரிசு என்று உருவாக்கின மனிசனுக்குத் தெரியாது. அவர் கவனித்தாரா என்றால் இல்லை, அவர் அப்பாவின் பக்கம் திரும்பி எந்தக் கடையில் வாங்கினது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினுஷா மெல்லக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, "நல்லாயிருக்கு சேர்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். பஸ் யன்னலுக்குக் கிட்டப் போய் நான் கேட்டேன், ஏன் பிள்ளை பொய் சொன்னாய் என்று. "பாவம் அம்மா, ஓடி வந்தவர்தானே" என்றாள். அவளுக்கு அந்த மனசு. எனக்கு இல்லை, நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன்.

சரி, காகிதம் முடிகிறது. மெலனி பாரம் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறும்போது கைபிடியைப் பிடித்து ஏற வேண்டும், நீ ரெஸ்டோரண்ட் குசினியில் நாள் முழுக்கச் சமைத்துக் களைத்து வந்தாலும் அவளுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடு. பார்சலில் நெத்தலிக் கருவாடும் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் இருக்கிறது, சரக்குத்தூள் பிள்ளை பிறந்த பிறகு மெலனிக்கு, இப்போதே எடுத்து மீன் குழம்பில் போட்டுவிடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கூட வரட்டும். மறந்துவிடாதே, வருகிற சனிக்கிழமை தினுஷாவின் முதல் ஆட்டத்தை இணையத்தில் காட்டுவார்களாம், அங்கே உங்களுக்குக் காலையாக இருக்கும், எழும்பிப் பார். அந்தக் கழகத்துக்கும் ஒரு மனேஜர் இருக்கிறார், அவர் எப்படி என்று இன்னும் எனக்குத் தெரியாது. கமரா அவரைக் காட்டினால் நீ எழும்பிப் போய்த் தண்ணி கொதிக்க வை. பந்து கோலுக்குக் கிட்ட வந்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வா.

உங்கள் இருவரையும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு முத்தமிடும்,
அம்மா றீற்றா.